கரி வியாபாரிக்கு அடித்த வெள்ளை

பரிஸில் நான் செய்த முட்டாள்தனங்களை எழுதினால் ஒரு கொப்பி நிறையும். அவற்றில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்வேன். மற்றவற்றை என் மனைவி சொல்லிக்கொள்வாள். அந்த வேலையில் அவளுக்கு என்னைவிடத் திறமை அதிகம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பரிஸின் வடக்கே, இன்றைக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்து கிடக்கும் லா சப்பல் அப்போது அப்படி இல்லை. ரூ பிலிப்-து-ஜிராரில் எங்கள் ஆட்களின் கடை என்று ஒன்றிரண்டுதான் இருந்தன. முருங்கைக்காய் வந்திறங்கினால் அது அந்த வாரத்துச் செய்தி. அந்தத் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். லிப்ட் கிடையாது. குளிக்கும் அறையும் கிடையாது. படிக்கட்டுத் தளத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அதற்குப் பக்கத்தில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ். நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். என்னோடு இருந்த அண்ணை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு போர்த்துக்கீச மேசனிடம் சீமெந்து குழைத்தார். மற்ற இரண்டு பேரும் இந்தக் கதைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் எப்போதும் வேலையில் இருந்தார்கள், அல்லது நித்திரையில் இருந்தார்கள்.

அறை எங்கள் பெயரில் இல்லை. யாரோ ஒருவர் யாருக்கோ கொடுத்து, அவர் எங்களுக்குக் கொடுத்தது. ஆகவே கீழே வாசலில் இருந்த தபால்பெட்டிகள் ஒன்றிலும் எங்கள் பெயர் கிடையாது. பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். ஊரிலிருந்து வரும் கடிதம் திரும்பிப் போனால் அழுதுவிட்டு இன்னொன்று எழுதச் சொல்லலாம். அகதி விண்ணப்பத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம் திரும்பிப் போனால் கதை முடிந்தது.

ஒரு காலை, பெட்டிகளின் மேலே என் பெயர் போட்ட கடித உறை ஒன்று கிடந்தது. 'இந்த விலாசத்தில் இல்லை' என்று தபால்காரர் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது முதலாம் மாடியில் தனியாக இருந்த கிழவி இறங்கி வந்தார். எண்பது தாண்டியவர், வாழ்நாள் முழுக்க மேற்சட்டைகளுக்கு உள்துணி தைத்துத் தைத்து முதுகு வளைந்தவர். நாங்கள் அவரை 'மதாம்' என்றுதான் சொல்வோம். என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் போய்ப் பேனாவும் காகிதமும் கொண்டுவந்து, எங்கள் நான்கு பேரின் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதித் தன் பெட்டியில், தன் பெயருக்குக் கீழே ஒட்டிவிட்டார். ஐந்தெழுத்துப் பிரெஞ்சுப் பெயர் ஒன்றுக்குக் கீழே நான்கு பெரிய யாழ்ப்பாணப் பெயர்கள். அந்தப் பெட்டியில் அவர்தான் சிறுபான்மை.

எனக்கு அகதி என்ற அங்கீகாரம் வந்தது அந்தப் பெட்டிக்குள்தான். கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டியவரும் அவர்தான். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் மாடியில் சமைத்த கணவாய்க் கறியை ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அவர் என் கண்ணில் படவில்லை.

அடுத்த ஒக்டோபரில் ஒருநாள், ஒரு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கிற கத்தோலிக்கக் கோயில்வரை வரமுடியுமா என்று கேட்டார். செவ்வந்திச் சாடி. எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு வைக்கும் பூ. இங்கே அதைச் செத்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். பரிஸில் கோயிலை ஒட்டிய சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், அபூர்வம். இறந்தவர்களையெல்லாம் எப்போதோ ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அந்த மேட்டில், பழைய கோயிலொன்றின் முதுகுப் பக்கத்தில், இருபது முப்பது கல்லறைகளோடு ஒரு துண்டு நிலம் தப்பிக் கிடந்தது. மதாம் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார்.

அங்கே மூலையில் இருந்தது அவருடைய பூட்டனாரின் கல்லறை. அதாவது அம்மாவின் அம்மாவுக்கு அப்பா. நூறு வருசத்துக்கு மேலே, ரயில் வந்த காலத்தில் லா சப்பலில் பெரிய கரி வியாபாரி. ஆளுயரத்துக்கும் மேலே எழும்பிய கல், உச்சியில் துணி போர்த்திய ஒரு கலசம், நடுவில் ஒரு தராசும் பக்கத்தில் வாய் திறந்த ஒரு சாக்கும் செதுக்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் இந்தக் கோயில் பங்கின் ஏழைகளுடைய அடுப்பை அணையவிடாத மனிதர் என்று கல்லில் இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. ரயில் புகையும் பாசியும் சேர்ந்து கல் முழுவதும் கன்னங்கரேல் என்று கிடந்தது. கரி விற்றவருக்குப் பொருத்தம்தான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கல்லின் காலடியில் ஒரு சிறிய தகரப் பலகை குத்தியிருந்தார்கள். மதாம் அதை எனக்கு மெதுவாக, நான் கழுவுகிற கோப்பைகளின் அளவுக்கே இருந்த என் பிரெஞ்சுக்கு ஏற்றபடி விளக்கினார். இந்தக் கல்லறை கைவிடப்பட்டிருக்கிறது, உரிமை உள்ளவர்கள் மெரிக்கு, அதாவது நகரசபைக்கு வரவேண்டும். அவர் போயிருக்கிறார். பேத்தியின் மகள் என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் காட்டு என்றார்கள். பதிவேட்டில் வியாபாரியின் பெயர் மட்டும்தான் உண்டு. அவருக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் இன்னாரைக் கட்டினாள் என்பதற்கு ஒரு தாளும் இல்லை, போன நூற்றாண்டுக் கலவரத்தில் நகரத்தின் பழைய பதிவுகள் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டன. தாள் எரிந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்துவிட்டது.

நவம்பர் நடுவில் மெரியிலிருந்து ஆட்கள் வந்து கடைசித் தடவையாகப் பார்ப்பார்கள். அப்போதும் கல் இப்படியே கிடந்தால், உரிமைக்காரர் இல்லையென்று எழுதிக் கல்லைப் பிடுங்கி, எலும்பைப் பொதுக் கிடங்கில் போட்டுவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். போகட்டும், பூட்டனை இவர் கண்டதுகூட இல்லையே என்று நான் யோசித்ததை அவர் என் முகத்தில் கண்டிருக்கவேண்டும். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு மாமன் வழியோடு சண்டை. அவர்கள் அம்மாவை இங்கே வைக்க விடவில்லை. அம்மாவை ஏழைகளின் பொது மண்ணில் வைத்தார்களாம். அந்த மண் ஐந்து வருசத்துக்குத்தான்.

"ஆறாவது வருசம் பூவோடு போனேன்" என்றார் மதாம். "அங்கே வேறு யாரோ இருந்தார்கள்."

மாமன் வழியில் இப்போது யாரும் இல்லை. மதாமுக்கும் பிள்ளைகள் இல்லை. ஒருவரும் எழும்பு என்று சொல்லாத இடத்தில் படுக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இரண்டு வருசத்தில் ஐந்து அறை மாறியவனுக்கு அது நன்றாகவே விளங்கியது. புறப்படும்போது அவர் குனிந்து, கல்லின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் ஓரிடத்தைக் கையுறையால் தேய்த்தார். சின்ன வயதில் அம்மா தன் விரலைப் பிடித்து அங்கே வைத்து, இதுதான் உன் அம்மம்மாவின் பெயர் என்று காட்டுவாராம். இப்போது கையுறைதான் கறுத்தது.

அந்த ஏற்றம் அவரைப் படுக்கையில் போட்டது. நெஞ்சுச் சளி. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எப்படியாவது போய்க் கல்லைச் சுத்தம் செய்யவேண்டும், வருகிறவர்கள் கண்ணுக்கு யாரோ கவனிக்கிறார்கள் என்றாவது தெரியவேண்டும் என்று இருமலுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மனதில் இருந்தது ஒரு வாளி தண்ணீரும் ஒரு தூரிகையும். என் மனதில் இருந்தது வேறு.

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் திகதிக்கு முந்தின கிழமை, கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேமக்காலைக்குப் போகும். புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளை அடிப்போம். சுண்ணாம்பு கரைத்து, ஒரு பிடி உப்பும், சட்டைக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகையும் கலந்தால் வெள்ளை கண்ணைப் பறிக்கும். மாரி மழை ஒரு மாதத்தில் கழுவிவிடும் என்று தெரிந்துதான் அடிப்போம். வெள்ளை அடிக்காத கல்லறையைப் பார்த்தால், ஐயோ, இவர்களுக்கு ஒருவரும் இல்லைப் போல என்று சனம் கதைக்கும். மதாமின் பூட்டனைப் பற்றி அப்படி யாரும் கதைக்க விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

சுண்ணாம்புக்கு அண்ணையைப் பிடித்தேன். அண்ணை சைவ சமயம். சுடலைப் பக்கம் கால் வைத்தால் தலையில் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வளர்ந்தவர்.

"உனக்கு விசரே தம்பி?" என்றார். "இந்தக் குளிருக்கை பைப்படியிலை நிண்டு தலைமுழுகச் சொல்லுறியோ?"

அண்ணையின் விசாரணைக் கடிதம் இன்னும் வரவில்லை. அது வருமென்றால் எந்தப் பெட்டிக்கு வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை ஒரு சிறிய மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு பெரிய தூரிகையும் வந்து சேர்ந்தன. நீலம் மட்டும் பார்பெஸ் பக்கம் ஓர் அரபுக் கடையில் கிடைத்தது.

நாங்கள் போனபோது அந்தச் சேமக்காலையைப் பார்த்துக்கொள்ளும் காவலர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பிரான்சில் மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குள் அண்ணையும் நானும் கலசம், தராசு, சாக்கு ஒன்றையும் விடாமல் இரண்டு கை அடித்து முடித்தோம். அண்ணை தொழில்காரர் அல்லவா, மூலை முடுக்கெல்லாம் தூரிகையைக் குத்தி ஏற்றினார். அந்தக் கறுத்த தோட்டத்தில் எங்கள் கல் மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையில் ஜொலித்தது. பூ வைக்க வந்த இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்குப் பெருமையோடு தலையசைத்தேன். மெழுகுதிரி கொளுத்தி ஒரு பரலோக மந்திரமும் சொன்னேன். அண்ணையே, "சும்மா சொல்லக்கூடாது, வடிவாய்த்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

காவலர் குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். குச்சி விழுந்தது. அதன் பிறகு அவர் சொன்னவற்றில் எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தப் பாதியே போதும். நூற்றாண்டு பழைய செதுக்குக் கல், தொடுவதற்கே அனுமதி வேண்டும், நீங்கள் யார், பேப்பர் இருக்கிறதா, பொலிசுக்குப் போன் அடிக்கட்டுமா. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஊரில் எங்கள் ஆட்களுக்கு இதுதான் செய்வோம் என்று எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இது உன் ஊரா, இவர் உன் ஆளா என்று கேட்டார். நாளை மாலைக்குள் கல் பழையபடி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முறைப்பாடு எழுதுவேன் என்று சொல்லிப் போனார்.

அண்ணை அன்று பைப்படியில் தலைமுழுகினார். ஒவ்வொரு வாளிக்கும் என்னை ஒருமுறை ஏசினார்.

எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை முதலாம் மாடியில் இருந்தது. கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்த மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெரிக்காரர் வரும்முன் அவருடைய ஒரே வழக்கை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"வெள்ளையா?" என்றார். "முழுவதுமா?"

"கொஞ்சம் நீலமும்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் கரி விற்ற மனிதன் என்று ஒரு சொல், பிறகு சிரிப்பு. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் இதை யாருக்குச் செய்வீர்கள் என்று கேட்டார். சொந்த மனிதர்களுக்கு மட்டும்தான் என்றேன். அவர் சிறிது நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் தோளில் சாய்ந்து ஏற, அண்ணை ஒரு மடக்குக் கதிரையும் இரண்டு வாளியும் கொண்டு பின்னால் வந்தார். மதாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். நாங்கள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். குளிரில் விரல் மரத்துப்போனது. சுண்ணாம்பு கரைந்து ஓடியது, அதோடு பாசியும் கொஞ்சம் போனது. அடியில் இருந்த புகைக் கறுப்பு மட்டும் போகவில்லை. கறுத்த கல் திரும்பவும் வந்தது. நான் சரி, தப்பித்தோம் என்று நிமிர்ந்தேன்.

அண்ணைதான் முதலில் கண்டவர். "தம்பி, இஞ்சை பார்" என்றார்.

கல்லின் முகத்தில் எழுத்து. கறுப்பில் வெள்ளை எழுத்து. முகப்பில் இருந்த சுண்ணாம்பு போய்விட்டது. உளி வெட்டிய பள்ளங்களுக்குள் அண்ணை தூரிகையால் குத்தி ஏற்றியது மட்டும் போகாமல் நின்றுவிட்டது. வியாபாரியின் பெயர். அடுப்பை அணையவிடாதவர் என்ற வரி. நான் பக்கவாட்டுக்குப் போய் முழங்கால் ஊன்றி, மதாம் கையுறையால் தேய்த்த இடத்தைப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரு சொல்தான், மகள். வாசிக்கவேண்டியவர் வாசிக்கட்டும் என்று மதாமைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் வைத்தோம்.

அவர் உரத்து வாசித்தார். இந்தக் கல்லைத் தன் தந்தைக்காக நிறுத்திய மகளின் பெயர், அதற்குப் பின்னால் அவள் யாருக்கு மனைவி என்று கணவனுடைய குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயர்தான் மதாமின் அம்மாவினுடைய பிறப்புத் தாளில் இருந்தது. இடையில் இல்லாமல் கிடந்த ஒரே தாள் அதுதான், கல்லில் இருந்தது. மதாம் கையுறையைக் கழற்றி, சுட்டுவிரலை அந்த எழுத்துகளின்மேல் வைத்தார். விரல் நுனி வெள்ளையானது. நான் அழுதேன். அண்ணை தனக்குக் கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றார்.

காவலர் வந்தார். நேற்றைய முகத்தோடுதான் வந்தார். மதாம் விரலால் காட்டினார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக் குனிந்து வாசித்தார். தன் அறைக்குப் போய் ஒரு பெரிய கொப்பியைக் கொண்டுவந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பக்கத்தைக் கழுவவேண்டாம்" என்றார். முறைப்பாடு எழுதவில்லை.

மெரி உடனே சம்மதித்துவிட்டது என்று நினைக்கவேண்டாம், அது மெரி. படம் எடுத்தார்கள், அளந்தார்கள், மூன்று முறை வரச்சொன்னார்கள். அடுத்த வருசம் ஒரு கடிதம் வந்தது. மதாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீ பிரி என்று என்னிடம் தந்தார். ஒருமுறை அவர் எனக்குச் செய்தது. என் பிரெஞ்சு அதற்குள் கோப்பைகளைத் தாண்டியிருந்தது. உரிமை ஏற்கப்பட்டது என்ற வரியை நானே வாசித்தேன். அதே பெட்டியில், அதற்குச் சில வாரங்களின் பின், அண்ணையின் கடிதமும் வந்தது.

மதாம் எண்பதுகள் முடியப்போகும் ஒரு மாசியில் போனார். அப்போது அண்ணை பரிஸுக்கு வெளியே சார்செலில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார், சொந்தமாக மேசன் வேலை எடுத்துச் செய்தார். தலைமுழுக அவருக்குச் சுடுதண்ணீர் இருந்தது. இரண்டு பேரும் செத்தவீட்டுக்குப் போனோம். எங்களோடு சேர்த்து ஏழு பேர் வந்திருந்தார்கள். அவரைப் பூட்டனின் பக்கத்தில் இறக்கினார்கள்.

அடுத்த மாதம் பெயர் வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அம்மம்மாவின் பெயருக்குக் கீழே மதாமின் பெயர். நான் அந்தத் தபால்பெட்டியில் தினமும் பார்த்த அதே ஐந்தெழுத்து. அவருக்குக் கீழே எங்கள் பெயர்கள் இல்லாததுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. புதிதாக வெட்டிய எழுத்து, கறுத்த கல்லில் நரையாகக் கிடந்தது, இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை.

காவலர் தன் அறையிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தார். தலையைச் சரித்து அந்தப் பெயரைப் பார்த்தார்.

"உங்கள் அந்த வெள்ளை இருக்கிறதா?" என்று கேட்டார்.

அண்ணை தன் வேலைப் பையைத் திறந்தார். சுண்ணாம்பு இருந்தது, நீலமும் ஒரு பொட்டலம் இருந்தது. நான் முழங்கால் ஊன்றி, ஐந்தெழுத்துக்குள்ளும் சுண்ணாம்பை விரலால் அடைத்தேன். காவலர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.